தடுப்பூசி: மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தை பிறந்தவுடன் போடப்படும் காசநோய்த் தடுப்பூசியில் தொடங்கி, பள்ளிப் படிப்பை முடிக்கும் வயது வரை அரசின் அட்டவணையில் பல தடுப்பூசிகள் இருக்கின்றன. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்களும் முகாமுக்குப் போய் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நம் வீடுகளில் சில கேள்விகள் எழுகின்றன. "இதில் பன்றி சேர்ந்திருக்கிறதாமே?", "நோய் வருவதற்கு முன்பே மருந்து எடுப்பது தவக்குலுக்கு மாற்றமில்லையா?", "நம் சந்ததியைக் குறைக்கும் சதி என்கிறார்களே?"

இவற்றில் ஒன்று ஹலால் ஹராம் பற்றிய சட்டக் கேள்வி. இன்னொன்று ஈமானைப் பற்றிய கேள்வி. மற்றொன்று நம்பிக்கை, செய்தி பற்றிய கேள்வி. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் தெளிவு கிடைப்பதில்லை. எனவே தனித்தனியாகப் பார்ப்போம். இவற்றுடன் நாம் அதிகம் கேட்காத நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு: போடாமல் விடுவதன் சட்டம் என்ன?

மருத்துவம் செய்துகொள்ளலாமா?

கிராமப்புற அரபிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார்கள். செய்துகொள்ளுங்கள் என்று கூறிய நபியவர்கள், முதுமையைத் தவிர மற்ற எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைக்காமல் விடவில்லை என்று விளக்கினார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் உள்ளது. மருத்துவத்தைத் தேடுவது மார்க்கம் அனுமதித்தது, ஊக்குவித்தது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

"இது வந்த நோய்க்கான மருத்துவம், வராத நோய்க்கு எதற்கு மருந்து?" என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் ஹதீஸில் பதில் உண்டு. காலையில் ஏழு அஜ்வா பேரீச்சம்பழங்களை உண்பவருக்கு அன்றைய தினம் விஷமும் சூனியமும் தீங்கு செய்யாது என்ற கருத்திலான ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தீங்கு வருமுன் எடுக்கும் பாதுகாப்பு இது. ஸவூதி அரேபியாவின் முஃப்தியாக இருந்த ஷைக் இப்னு பாஸ் (ரஹ்) அவர்கள் தடுப்பூசி பற்றிக் கேட்கப்பட்டபோது இந்த ஹதீஸையே ஆதாரமாகக் காட்டி, நோய் வரும் என்ற அச்சம் இருந்தால் முன்கூட்டியே மருந்து எடுப்பதில் குற்றமில்லை என்று பதிலளித்தார்கள்.

தவக்குலும் தடுப்பும்

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, ஸர்ஃ என்ற இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. முஹாஜிர்களிடமும் அன்ஸாரிகளிடமும் குறைஷி முதியவர்களிடமும் ஆலோசனை கேட்டுவிட்டு, மதீனாவுக்கே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கம்தான் செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் செழிப்பாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படிதானே என்று உவமையும் கூறினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னபோது, உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

"நோய்த் தொற்று கிடையாது என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று கேட்பவர்களும் உண்டு. அதே நபியவர்கள்தான் தொழுநோயாளியிடமிருந்து சிங்கத்தைக் கண்டு ஓடுவது போல் விலகச் சொன்னார்கள். நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுபோகக் கூடாது என்றும் தடுத்தார்கள். நோய் தன் சொந்தச் சக்தியால் பரவுவதாக நம்பிய அறியாமைக் கால நம்பிக்கையைத்தான் முதல் ஹதீஸ் மறுக்கிறது. அல்லாஹ்வின் நாட்டப்படி நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதை அது மறுக்கவில்லை என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் பலர் இரண்டையும் இணைத்து விளக்கியுள்ளார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபியவர்கள் கற்றுக்கொடுத்ததும் இந்த அடிப்படையில்தான்.

பன்றி சார்ந்த பொருள்: உண்மை என்ன?

இதைப் பொத்தாம் பொதுவாக "இருக்கிறது" என்பதும் தவறு, "இல்லவே இல்லை" என்பதும் தவறு. எல்லாத் தடுப்பூசியிலும் பன்றி சார்ந்த பொருள் கிடையாது. எடுத்துக்காட்டாக, ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசிக்கான புரதத்தை ஈஸ்ட் நுண்ணுயிரில் வளர்த்து எடுக்கிறார்கள்.

ஆனால் சில தடுப்பூசிகளில் இரண்டு வகையில் இந்தப் பிரச்சினை வருகிறது. முதலாவது ஜெலட்டின். விலங்கின் தோலிலும் எலும்பிலும் உள்ள புரதத்தை அமிலம் அல்லது காரம், வெப்பம் ஆகியவற்றால் சிதைத்து இதைத் தயாரிக்கிறார்கள். உயிருள்ள, வலுவிழக்கச் செய்யப்பட்ட கிருமி கொண்ட சில தடுப்பூசிகளில், மருந்து வெப்பத்தால் கெடாமல் இருக்க இது சேர்க்கப்படுகிறது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி ஓர் உதாரணம். இரண்டாவது டிரிப்சின் என்ற நொதி. பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் இது, சில தடுப்பூசிகளின் தயாரிப்பில் உயிரணுக்களைப் பிரித்தெடுக்க மட்டும் பயன்படுகிறது. பிறகு கழுவி, வடிகட்டி நீக்கிவிடுகிறார்கள். இறுதி மருந்தில் அது ஒரு சேர்மானமாக வைக்கப்படுவதில்லை.

பன்றி நஜீஸ் என்பதில் நம்மிடையே இரண்டு கருத்து இல்லை. அப்படியானால் இந்தத் தடுப்பூசிகளின் நிலை என்ன? இதற்கு உலமாக்கள் இரண்டு வழிகளில் பதில் கண்டிருக்கிறார்கள்.

முதல் வழி: தன்மை மாற்றம்

ஒரு நஜீஸான பொருள் முற்றிலும் வேறு பொருளாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறிவிடும். இதற்கு ஃபிக்ஹில் 'இஸ்திஹாலா' என்று பெயர். மது தானாகக் காடியாக மாறினால் அது ஹலால் ஆகிவிடுவதை எல்லா மத்ஹபுகளும் ஏற்கின்றன. ஹனஃபி மத்ஹப் இதை விரிவாக எடுத்துக்கொள்கிறது. உப்பளத்தில் விழுந்து செத்த கழுதை உப்பாகவே மாறிவிட்டால் அந்த உப்பு சுத்தமானது என்பது ஹனஃபி நூல்களில் வரும் புகழ்பெற்ற உதாரணம். இதனுடன் 'இஸ்திஹ்லாக்' என்ற விதியும் உண்டு: மிகச் சிறிய நஜீஸ் பெருமளவு சுத்தமான பொருளில் கலந்து, நிறம், மணம், சுவை எதுவும் தெரியாமல் கரைந்துபோவது.

1995இல் குவைத்தில் மருத்துவ அறிவியலுக்கான இஸ்லாமிய அமைப்பு நடத்திய கருத்தரங்கில் கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் இந்த வழியில் நின்று, ஜெலட்டின் தன்மை மாறிய பொருள் என்பதால் சுத்தமானது என்று முடிவு கூறினார்கள். 2003இல் ஐரோப்பிய ஃபத்வா மற்றும் ஆய்வு மன்றம் போலியோ சொட்டு மருந்தில் டிரிப்சின் பயன்படுவதை ஆராய்ந்து, அது நீக்கப்பட்டுவிடுவதையும் குழந்தைகளைக் காக்கும் அவசியத்தையும் சுட்டிக்காட்டி, அதைக் கொடுப்பது கூடும் என்று ஃபத்வா வழங்கியது.

இரண்டாம் வழி: நிர்ப்பந்தம்

ஷாஃபிஈ மத்ஹபில் இஸ்திஹாலாவின் எல்லை குறுகியது. ஜெலட்டினாக மாறினாலும் பன்றியின் பகுதி நஜீஸ்தான் என்று அந்த மத்ஹபைப் பின்பற்றும் பலர் கருதுகிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஹனஃபி மத்ஹபினர் அதிகம். ஆகவே "அவர்களுடைய ஃபத்வா நமக்கு எப்படிப் பொருந்தும்?" என்ற கேள்வி நியாயமானது.

ஷாஃபிஈ மத்ஹபிலும் வாசல் மூடப்படவில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மது அல்லாத நஜீஸான பொருளைக் கொண்டு மருத்துவம் செய்வது, அதற்குப் பதிலாகச் சுத்தமான மருந்து கிடைக்காதபோது கூடும் என்று விளக்கியுள்ளார்கள். அந்த மருந்து பயன்தரும் என்பதை விவரம் அறிந்த, நம்பகமான மருத்துவர் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. ஹராமானதைக் கொண்டு மருத்துவம் செய்யாதீர்கள் என்ற ஹதீஸ், மாற்று மருந்து இருக்கும் நிலையைக் குறிக்கிறது என்பது அவர்களின் விளக்கம். உரைனா கூட்டத்தாருக்கு ஒட்டகத்தின் சிறுநீரை மருந்தாக நபியவர்கள் அனுமதித்ததும், தோல் அரிப்பால் அவதிப்பட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், ஸுபைர் (ரலி) இருவருக்கும் பட்டாடை அணிய அனுமதி அளித்ததும் இந்தச் சலுகைக்கு முன்னுதாரணங்கள். நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்று அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனமும் கூறுகிறது.

ஷாஃபிஈ மத்ஹபினர் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் உலமா சபை இந்த வழியில்தான் சென்றது. இந்தியாவில் தயாரான தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியை ஆராய்ந்து, 2018 ஆகஸ்டில் அந்தச் சபை ஃபத்வா வெளியிட்டது. தயாரிப்பில் பன்றி சார்ந்த பொருள் பயன்படுவதால் அது ஹராம். ஆனால் சுத்தமான மாற்றுத் தடுப்பூசி இப்போது கிடைக்காததாலும், போடாவிட்டால் ஏற்படும் ஆபத்தை நம்பகமான நிபுணர்கள் விளக்கியிருப்பதாலும் அதைப் பயன்படுத்துவது அனுமதிக்கப்பட்டது என்பது அதன் சாரம்.

ஒரு தரப்பு "சுத்தமானது" என்கிறது. மற்றொரு தரப்பு "நஜீஸ்தான், ஆனாலும் அனுமதி உண்டு" என்கிறது. போய்ச் சேரும் இடம் ஒன்றே. அந்த ஃபத்வாவில் "ஹராம்" என்ற ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்துப் பரப்பியதன் விளைவாக இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் தடுப்பூசி போட்ட குழந்தைகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துபோனது. ஃபத்வாவைப் பாதியில் படிப்பதன் கேடு இது.

மாற்று கிடைத்தால் சலுகை முடிகிறது

நிர்ப்பந்தச் சலுகை நிரந்தரமானது அல்ல. இதற்கும் அதே உலமா சபையே நல்ல உதாரணம். ஹஜ் பயணிகளுக்கான மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை 2009இல் நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் அச்சபை அனுமதித்தது. 2010இல் வேறு நிறுவனங்களின் ஹலாலான தடுப்பூசிகள் கிடைத்ததும், இனி அவற்றையே பயன்படுத்த வேண்டும், பழைய சலுகை செல்லாது என்று அறிவித்தது.

நாமும் இதைக் கடைப்பிடிக்கலாம். ஒரே நோய்க்கு இரண்டு நிறுவனங்களின் தடுப்பூசிகள் கிடைத்து, ஒன்றில் சந்தேகம் இருந்தால் மற்றதைக் கேட்டு வாங்குவதே பேணுதல். ஹலாலான தடுப்பூசிகளை உருவாக்கும்படி முஸ்லிம் நாடுகளும் மருந்து ஆய்வில் இருக்கும் நம் பிள்ளைகளும் முயல்வது சமுதாயக் கடமை. ஆனால் மாற்று வரும்வரை குழந்தையைப் பாதுகாப்பின்றி விட்டுவைப்பதைப் பேணுதல் என்று ஃபிக்ஹு சொல்லவில்லை.

போடாமல் விட்டால்?

ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992இல் மருத்துவச் சிகிச்சை பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சிகிச்சையை விடுவதால் உயிரோ உறுப்போ போகும், அல்லது ஊனம் ஏற்படும் என்றால் சிகிச்சை செய்வது வாஜிப். தொற்றுநோயைப் போல அதன் தீங்கு பிறருக்குப் பரவும் என்றாலும் வாஜிப். தொற்றுநோய்களிலும் நோய்த்தடுப்பு விஷயத்திலும் மக்களைக் கட்டாயப்படுத்தும் உரிமை ஆட்சியாளருக்கு உண்டு என்பதையும் அத்தீர்மானம் ஏற்றுக்கொள்கிறது.

தனக்குத் தானே தீங்கிழைப்பதும் பிறருக்குத் தீங்கிழைப்பதும் கூடாது என்ற நபிமொழிதான் இதன் அடித்தளம். தட்டம்மை கண்ட ஒருவர், பாதுகாப்பு இல்லாத 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்பக்கூடும். இது பரவாமல் தடுக்க ஓர் ஊரில் 95 சதவீதம் பேராவது பாதுகாப்புப் பெற்றிருக்க வேண்டும். ரூபெல்லா குழந்தைக்கு வெறும் சில நாள் காய்ச்சலாகவும் தடிப்பாகவும் வந்து போய்விடும். அதே கிருமி பக்கத்து வீட்டில் இருக்கும் மூன்று மாதக் கர்ப்பிணிக்குத் தொற்றினால், அவர் வயிற்றில் இருக்கும் சிசு செவிடாகவோ, பார்வையின்றியோ, இதயக் கோளாறுடனோ பிறக்கலாம். 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பிறகு ஐரோப்பாவிலும் சிங்கப்பூரிலும் ஹாஜிகளின் வீட்டார், அதாவது ஹஜ்ஜுக்கே போகாதவர்கள், மூளைக்காய்ச்சலுக்கு ஆளானார்கள். அதன் பிறகே நான்கு வகைக் கிருமிகளையும் தடுக்கும் தடுப்பூசியை ஸவூதி அரசு கட்டாயமாக்கியது.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தை, பிறந்து சில வாரமே ஆன சிசு, கடும் ஒவ்வாமை உள்ளவர் ஆகியோருக்குச் சில தடுப்பூசிகளைப் போட முடியாது. சுற்றியுள்ள நாம் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்கான வேலி. ஆகவே "என் பிள்ளை, என் விருப்பம்" என்ற பேச்சு இங்கே முழுமையாகச் செல்லாது. பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அண்டை வீட்டாருக்கும் நம் மீது ஹக்கு உண்டு.

அதற்காக எல்லாத் தடுப்பூசியும் எல்லோருக்கும் வாஜிப் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. உயிரைப் பறிக்கும், ஊனமாக்கும் தொற்றுநோய் பரவும் சூழலில் அது வாஜிபின் தரத்தை அடையும். ஆபத்துக் குறைவான நோய் என்றால் விரும்பத்தக்கதாகவோ ஆகுமானதாகவோ இருக்கும். மருத்துவர் ஒருவருக்கு இது ஆகாது என்று தடுத்தால், உதாரணமாகக் கர்ப்பிணிக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி, அவர் போட்டுக்கொள்வதே தவறு.

சதி என்ற பேச்சு

சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவிய நேரத்தில், ஒரு பன்னாட்டு மருந்து நிறுவனம் அங்குள்ள குழந்தைகளிடம் நடத்திய மருந்துச் சோதனை பெரும் வழக்காக மாறியது. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் உஸாமா பின் லாதினைத் தேட அமெரிக்க உளவுத் துறை ஒரு போலித் தடுப்பூசி முகாமைப் பயன்படுத்தியது. இந்த அநியாயங்களைக் கண்டிக்க வேண்டும்.

ஆனால் அதன் தண்டனையை யார் அனுபவித்தார்கள்? போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்ற பேச்சால் கானோ மாநிலம் 2003இல் அதை நிறுத்தி வைத்தது. 2004இல், முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்து மீண்டும் தொடங்கியது. அதற்குள் அங்கிருந்து கிளம்பிய கிருமி பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. 2005இல் அது ஏமனையும், பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த அதே இந்தோனேசியாவையும் எட்டி, அங்கே 300க்கும் மேற்பட்ட குழந்தைகளை முடமாக்கியது. முடமானவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

நம் நாட்டிலும் 2002இல் 1600 பேருக்குப் போலியோ வந்தது. பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். மக்கள்தொகை விகிதத்தை விட அதிகமாக முஸ்லிம் குழந்தைகளே அதில் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பிறகு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா போன்ற நிறுவனங்களும், பள்ளிவாசல் இமாம்களும் களத்தில் இறங்கினார்கள். சொட்டு மருந்து நாளைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. 1995இல் சொட்டு மருந்து குடித்த குழந்தைகள் இன்று பெற்றோர்களாகத் தம் பிள்ளைகளை அதே முகாமுக்கு அழைத்து வருகிறார்கள். மலடாக்கும் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோதும் வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. முகாமின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மலப்புரத்தில் 2015, 2016 ஆண்டுகளில் தடுப்பூசி போடாத பிள்ளைகள் தொண்டை அடைப்பான் நோய்க்கு உயிரிழந்தார்கள். செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்ற பொருளில் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் இருக்கிறது. யார் சொன்னது என்றே தெரியாத குரல் பதிவைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறவர் இந்த வசனத்தை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும்.

"மருத்துவர் முஸ்லிமாக இருக்க வேண்டாமா?" என்ற கேள்விக்கும் பதில் உண்டு. ஹிஜ்ரத்தின்போது நபியவர்கள் வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டவர் அப்போது முஸ்லிம் அல்லாதவர். ஆனால் நம்பகமானவர், பாதை அறிந்தவர். இந்த நிகழ்வை வைத்து, மருத்துவம் போன்ற துறைகளில் நம்பகமான பிற மதத்தவரின் சொல்லை ஏற்கலாம் என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்ற இமாம்கள் விளக்கியுள்ளார்கள்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

நோன்பு வைத்துக்கொண்டு ஊசி போடலாமா? தசையிலோ தோலுக்கு அடியிலோ போடப்படும், உணவாகாத ஊசியால் நோன்பு முறியாது என்பது பெரும்பாலான இன்றைய அறிஞர்களின் கருத்து. ஃபிக்ஹ் அகாடமியின் 1997ஆம் ஆண்டுத் தீர்மானமும் இதுவே. வாய்வழிச் சொட்டு மருந்தால் நோன்பு முறியும். அதை இஃப்தாருக்குப் பின் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹஜ், உம்ரா செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். போடாமலேயே சான்றிதழ் மட்டும் வாங்குவது பொய்ச் சாட்சியம். அத்துடன் லட்சக்கணக்கான ஹாஜிகளை ஆபத்தில் தள்ளும் செயல்.

ஊசி போட்ட இடத்தில் வலி, ஓரிரு நாள் காய்ச்சல் வருவது இயல்பு. முன்பு ஒவ்வாமை, வலிப்பு, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு இருந்திருந்தால் செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு தவணை தவறிவிட்டால் அத்துடன் விட்டுவிடாமல், மருத்துவரிடம் கேட்டு அடுத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோமாலியாவின் மெர்கா நகர மருத்துவமனையில் சமையல்காரராக இருந்த அலீ மாவ் மாலின், ஊசியின் வலிக்கு அஞ்சிப் பெரியம்மைத் தடுப்பூசியைத் தவிர்த்தவர். 1977இல் உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அவரே. பிழைத்தெழுந்த அவர், பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்து, தன் கதையைச் சொல்லியே தயங்கிய பெற்றோர்களைச் சம்மதிக்க வைத்தார். 2013இல் அந்தப் பணியில் இருக்கும்போதே காலமானார்.

ஒரு உயிரை வாழ வைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்று அல்மாஇதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் உணர்த்துகிறது. நம் வீட்டிலும் தெருவிலும் தடுப்பூசி தவறிய பிள்ளைகள் இருந்தால், அந்தப் பெற்றோரிடம் கோபப்படாமல், கேலி செய்யாமல், அவர்களின் சந்தேகத்தைக் கேட்டுப் பதில் சொல்வோம். அல்லாஹ் நம் சந்ததிகளை ஆரோக்கியத்துடனும் ஈமானுடனும் வாழச் செய்வானாக! அவனே யாவற்றையும் நன்கறிந்தவன்.